நழுவத் தெரிந்த கருவி

எட்டாத இடத்தில் இருக்கும் ஸ்பார்க் பிளக்கை மாட்டுவதற்கு அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பலர் வைத்திருக்கும் கருவி, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிய ரப்பர் குழாய். பெட்ரோல் செல்வதற்கென்று விற்கும் அதே கறுப்புக் குழாய்தான். அதில் பிடி இல்லை, பல்சக்கரம் இல்லை, நிறுவன முத்திரையும் இல்லை. பக்கத்திலேயே பளபளக்கும் சாக்கெட் பெட்டி திறந்திருக்கும். இருந்தும் கை முதலில் போவது அந்தக் குழாயை நோக்கித்தான்.

ஏன் என்று கேட்டால் பொறியியலில் நல்லதொரு பாடம் கிடைக்கிறது. நம் பள்ளிகளில் பொருள்களைச் செய்யக் கற்றுக்கொடுக்கும் முறை பற்றி எனக்குள்ள ஒரு குறையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

சிங்கப்பூரில் வளரும் இளையர்களில் பலர் ஸ்பார்க் பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டில் கார் இருந்தாலும் அது பணிமனைக்குப் போய் வருகிறது. மூடியைத் திறப்பது வேறொருவர் வேலை. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளக் ஏறத்தாழ விரல் நீளம் இருக்கும். மேல்பாதி வெள்ளைப் பீங்கான். கீழ்ப்பாதி உலோகம், அதில் திருகு வரிகள் இருக்கும். மெக்கானிக்குகள் அதை மரை என்பார்கள். நுனியில் இரண்டு உலோக முனைகள், இடையில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது பொறி பறக்கிறது, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை தீப்பிடிக்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி தர வேண்டும்.

பழைய எஞ்சின்கள் பலவற்றில் பிளக் பக்கவாட்டில், கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. இன்றைய கார் எஞ்சின்களில் பெரும்பாலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகள். அவற்றின் நட்டநடுவில் பிளக். தீ நடுவிலிருந்து தொடங்கினால் எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பரவும், கலவை சீராக எரியும். அந்த நன்மைக்காக பிளக் இரண்டு கேம்ஷாஃப்டுகளுக்கு இடையில், குறுகலான ஓர் ஆழ்குழியின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பார்த்தால் கிணறு மாதிரிதான் இருக்கும். விரல் உள்ளே போகாது. வெளிச்சமும் சரியாகப் போகாது.

இதைவிடச் சிரமமானவையும் உண்டு. சுபாரு கார்களின் எஞ்சினில் சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருக்கும். பிளக் பக்கவாட்டைப் பார்த்திருக்கும். அதற்கு எதிரே காரின் சட்டம் நிற்கும். நடுவில் ஒரு கை நுழையும் இடம்தான். குறுக்காகப் பொருத்திய வி6 எஞ்சினில் பின்வரிசை மூன்று பிளக்குகள் ஓட்டுநர் பக்கச் சுவரைப் பார்த்தபடி ஒளிந்திருக்கும். அவற்றை எட்டுவதற்கு, மேலே இருக்கும் காற்றுக் குழாய்த் தொகுதியையே கழற்ற வேண்டிய கார்கள் பல.

வடிவமைப்பாளர் தீயின் வசதியைப் பார்த்தார், விரலின் வசதியைப் பார்க்கவில்லை. அவரைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. இரிடியம், பிளாட்டினம் முனை கொண்ட பிளக்குகள் 100,000 கிலோமீட்டர் வரைகூட ஓடும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றப்படும் பொருளுக்காக எஞ்சினின் அமைப்பை மாற்ற யாரும் முன்வர மாட்டார்கள். அந்த ஒருமுறை வரும்போது குனிந்து நிற்பவர் என்ன செய்வது என்பதுதான் நம் விஷயம்.

பழைய பிளக்கைக் கழற்றுவதைவிடப் புதியதை மாட்டுவதில்தான் ஆபத்து அதிகம். பிளக்கின் மரை எஃகு. அது போய்ச் சேரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம். எஃகோடு ஒப்பிட்டால் அலுமினியம் மெத்தென்ற உலோகம். பிளக் சற்றே கோணலாக உட்கார்ந்த நிலையில் நீளமான ஸ்பேனரால் திருகினால் என்ன ஆகும்? பிளக் உள்ளே போகும். சிறிது இறுக்கமாக இருக்கிறதே என்று தோன்றும், அவ்வளவுதான். உண்மையில் எஃகு தனக்கென்று புதிய பாதையை அலுமினியத்தில் வெட்டிக்கொண்டு போகிறது. மறுமுறை அந்த மரை பிடிக்காது. சில வெள்ளி பிளக்குக்காகத் தொடங்கிய வேலை, ஹெட்டைக் கழற்றி மரையைத் திரும்ப வெட்டி, உள்ளே கம்பிச்சுருள் பொருத்தும் வேலையாக முடியும்.

ஸ்பேனர் விரலின் பலத்தைப் பெருக்கிக் கொடுக்கிறது. நெம்புகோல் தத்துவம், உயர்நிலைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பலத்தைப் பெருக்கும் அதே கருவி, எதிரே வரும் எதிர்ப்பை நம் கையிலிருந்து மறைத்துவிடுகிறது. 30 சென்டிமீட்டர் பிடியின் நுனியில் நிற்கும் கைக்கு, கோணலாகப் போகும் மரையின் முணுமுணுப்பு கேட்பதில்லை.

ரப்பர் குழாய் இதற்கு நேர்மாறு. பிளக்கின் பீங்கான் தலையில் குழாயைச் செருகி, கிணற்றுக்குள் இறக்கி, மேல்நுனியை இரண்டு விரலால் உருட்டுகிறோம். மரை நேராகப் பொருந்தினால் பிளக் சுலபமாகச் சுழன்று இறங்கும். கோணலாக இருந்தால் எதிர்ப்பு வரும். உடனே குழாய் முறுக்கிக்கொள்ளும், அல்லது பீங்கான்மீது நழுவும். மரை கெடுவதற்கு முன்பே கருவி தோற்றுவிடுகிறது. அதன் பலவீனம்தான் அதன் திறமை. அலுமினியத்தைக் கெடுக்கும் அளவுக்கு முறுக்குவிசையை அது கடத்தவே கடத்தாது. மின்சுற்றில் ஃபியூஸ் செய்யும் வேலையை இங்கே ரப்பர் செய்கிறது.

மோட்டார்சைக்கிள் பணிமனையில் வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, விரலால் போகாததை ஸ்பேனரால் போக வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நான் மேலே மூன்று பத்திகளில் எழுதியது அவருக்கு ஒரு வாக்கியமாக இருக்கிறது.

செய்முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குழாயின் உள்விட்டம் பிளக்கின் பீங்கானை இறுக்கமாகக் கவ்வ வேண்டும். காருக்கான பிளக்குகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் சரியாக வரும். எண்ணை நம்பாமல், பழைய பிளக் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குவதே நல்லது. மெல்லிய சுவருள்ள குழாய் மடங்கிவிடும். தடித்த சுவர் வேண்டும். சாண் நீளம் போதும். நுனியை நேராக வெட்டுங்கள்.

எஞ்சின் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். பழைய பிளக்கைக் கழற்றுவதற்கு முன் கிணற்றில் உள்ள தூசியைக் காற்றடித்து வெளியேற்ற வேண்டும்; இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். புதியதைக் குழாயால் இறக்கும்போது முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுழற்றுங்கள். மரையின் தொடக்கம் சந்திக்கும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு சின்ன அதிர்வு விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் நேராக இறங்கும். அடி தட்டியபின் குழாயை உருவிவிட்டு, கடைசி இறுக்கத்துக்கு மட்டும் சாக்கெட். வாஷர் உள்ள புதிய 14 மில்லிமீட்டர் பிளக் என்றால், விரல் இறுக்கத்துக்குப் பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்று வரை. டார்க் ரெஞ்சு இருந்தால், அலுமினிய ஹெட்டுக்கு என்ஜிகே நிறுவனம் சொல்லும் பொது அளவு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். மோட்டார்சைக்கிள்களில் வரும் 10 மில்லிமீட்டர் பிளக்குக்கு 10 முதல் 12தான். மெல்லிய மரைக்குத் தடித்த கை ஆகாது. வாகனத்தின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். முதல்முறை செய்பவர்கள் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் காரில் தனியாகப் பரிசோதனை வேண்டாம்.

இதைப் போன்ற சின்னத் தந்திரங்கள் இன்னும் இருக்கின்றன. சாக்கெட்டுக்குள் சைக்கிள் டியூப்பில் வெட்டிய ஒரு பட்டையைச் செருகினால், தலைகீழாகத் தூக்கினாலும் பிளக் விழாது. பழைய மோட்டார்சைக்கிள்களோடு கொடுக்கப்பட்ட குழாய் ஸ்பேனரைப் பாதியாக அறுத்து, புதிதாகத் துளையிட்டு, குறுக்கே ஒரு கம்பி செருகினால் சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் இடையே நுழையும் குட்டைக் கருவி கிடைக்கும். ஆழமான கிணற்றில் வேலை செய்யும்போது பலருக்கு நேரும் சங்கடம் ஒன்று உண்டு. இறுக்கி முடித்துவிட்டு நீட்டுக் கம்பியை உருவினால், கம்பி மட்டும் மேலே வரும். சாக்கெட் பிளக்கைக் கவ்விக்கொண்டு அடியிலேயே தங்கிவிடும். இதற்கு மருந்து, சாக்கெட்டும் கம்பியும் சேரும் இடத்தில் இரண்டு சுற்று மின்நாடா.

சாக்கெட் வேண்டும்போது பிடித்துக்கொள்ள வேண்டும், வேண்டாதபோது விட வேண்டும். இந்தச் சின்னத் தேவையை வைத்து 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் இளைஞர் ஒரு கருவியைச் செய்தார். பெயர் பீட்டர் ராபர்ட்ஸ், வயது 18. கார்ட்னர் நகரில் சியர்ஸ் கடையில் விற்பனை உதவியாளர். வேலை நேரம் போக மீதி நேரத்தில் அவர் உருவாக்கிய ரேட்செட் ஸ்பேனரின் பின்புறத்தில் ஒரு பொத்தான். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் சாக்கெட் கழன்றுவிடும். அழுத்தாதவரை இறுகப் பிடித்திருக்கும். ஒரே கையால் சாக்கெட்டை மாற்றலாம். இன்று ஜாலான் புசார் கருவிக் கடைகளில் தொங்கும் ரேட்செட்டுகளில் பலவற்றில் இப்படிப்பட்ட பொத்தானைப் பார்க்கலாம்.

கருவியை அவர் தம் நிறுவனத்திடமே காட்டினார். அது பெரிதாக விலைபோகாது என்று அவரிடம் சொல்லப்பட்டது. உச்சவரம்பு 10,000 டாலர் என்ற ஒப்பந்தத்தில் உரிமையை விற்றுவிட்டார். அந்த ஸ்பேனர்கள் பல மில்லியன் கணக்கில் விற்றன. உண்மை தெரிந்ததும் ராபர்ட்ஸ் நீதிமன்றம் சென்றார். வழக்கு இரண்டு பத்தாண்டுகள் இழுத்தது. 1989ல் 8.2 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

இந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் வேறு காரணத்துக்காகப் படிக்கலாம். என்னை நிறுத்தியது அந்த வயது. பதினெட்டு என்பது நம் ஊரில் பலதுறைத் தொழிற்கல்லூரியின் இரண்டாம் ஆண்டு. அவரிடம் ஆய்வகம் இருக்கவில்லை. கருவிகள் விற்கும் கடையில் நின்றார், கருவியைப் பிடிக்கும் கைகளைப் பார்த்தார்.

இங்கே நம் மாணவர்களின் நிலைமைக்கு வருகிறேன். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் நம் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் எல்லாருக்கும் உண்டு. தேவையைக் கண்டறிவதில் தொடங்க வேண்டும் என்றுதான் பாடமும் சொல்கிறது. ஆனால் செய்து முடித்த பொருள்களைக் காட்சிக்கு வைக்கும்போது நான் அதிகம் பார்ப்பது கைப்பேசித் தாங்கி, மேசை விளக்கு, பேனா வைக்கும் பெட்டி. அழகாகவே இருக்கின்றன. தேவையை மாணவர் தம் மேசையைத் தாண்டித் தேடவில்லை என்பதும் தெரிகிறது. மதிப்பெண் அட்டவணையும் கால அவகாசமும் அவர்களை அங்கேயே நிறுத்துகின்றன என்று ஆசிரியர்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

தேடிப் போக வேண்டிய தூரம் அதிகமில்லை. தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையைக் கடந்து டெஸ்கர் சாலை வழியாக ஜாலான் புசாருக்கு நடந்தால் பத்து நிமிடத்தில் கருவிக் கடை, குழாய்க் கடை, விளக்குக் கடை. சிம் லிம் டவரில் மின்னணு உதிரிப்பாகங்கள். அதன் அருகில்தான் சுங்கை ரோடு சந்தை இருந்தது. பழைய ஸ்பேனர், கழற்றிய மோட்டார், இன்னதென்று தெரியாத இரும்புத் துண்டு எல்லாம் தரையில் பரப்பிக் கிடந்த இடம். 1930களில் தொடங்கிய அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. சில வெள்ளிக்குப் பழைய இரும்பை வாங்கி அறுத்துப் பார்க்கும் வசதி நகர நடுவில் அதோடு போயிற்று. இனி சின் மிங், காக்கி புக்கிட், உபி என்று பணிமனைகள் இருக்கும் திசைக்குத்தான் போக வேண்டும்.

வேறு வாசல் ஒன்று திறந்ததையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்த வீரப்பன் சுவாமிநாதன் இணைந்து நிறுவிய ‘சஸ்டெய்னபல் லிவிங் லேப்’ அமைப்பு, 2014ல் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ முயற்சியைத் தொடங்கியது. அக்கம்பக்கத்தார் கெட்டுப்போன மின்விசிறியையும் ரைஸ் குக்கரையும் கொண்டுவருவார்கள். தொண்டூழியர்கள் வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிடுவதில்லை. உரியவர் கையிலேயே திருப்புளியைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார்கள். அந்த ஒரு விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கார் எஞ்சின் அங்கே வராது என்றாலும், ஒரு திருகு ஏன் கழலவில்லை என்று முதன்முதலாக யோசிக்கத் தொடங்கும் இடமாக அது இருக்கலாம்.

பெற்றோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையில் கிரீஸ் படும் படிப்பு என்றால் நம் வீடுகளில் இன்னும் குரல் தாழ்கிறது. ‘மற்ற வழி கிடைக்காததால் தொழில்நுட்பக் கல்விக் கழகம்’ என்ற தொனியில் பிள்ளையின் எதிரிலேயே பேசுகிறார்கள். இதே பெற்றோர் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். பள்ளிப் படிப்பில் நிலைக்காத அவர், மோட்டார்சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் பூட்டித்தான் எஞ்சினைக் கற்றார். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழிலைத் தொடங்கினார். அவருடைய பெயர் பெருமை என்றால் அவர் கையில் பட்ட கிரீஸும் பெருமைதான்.

மின்சார வாகனங்கள் வந்துவிட்டன, இனி ஸ்பார்க் பிளக்கைப் பற்றிப் பேசி என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2030 முதல் இங்கே புதிதாகப் பதிவாகும் கார்களும் டாக்சிகளும் தூய்மையான எரிசக்தி வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஆனால் அந்த வகையில் ஹைபிரிட் கார்களும் அடங்கும். ஹைபிரிட்டில் பெட்ரோல் எஞ்சின் உண்டு, எஞ்சினில் பிளக் உண்டு. டொயோட்டா பிரியஸின் சில தலைமுறைக் கார்களில் பிளக்கை எட்ட, கண்ணாடித் துடைப்பானையும் அதன் கீழுள்ள தட்டையும் கழற்ற வேண்டும். இடுக்கு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

அதே காரின் மூடிக்குக் கீழே ஆரஞ்சு நிறக் கம்பிகளும் இருக்கும். அவை நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் பாய்பவை. நானே செய்த கருவி என்ற பெருமைக்கு அங்கே இடமில்லை. 1,000 வோல்ட் வரை சோதித்து முத்திரையிட்ட காப்புக் கருவிகளும் முறையான பயிற்சியும் இல்லாமல் அவற்றின் பக்கம் கை போகக் கூடாது. எந்த இடத்தில் ரப்பர் குழாய் போதும், எந்த இடத்தில் அது உயிரை வாங்கும் என்று பிரித்துப் பார்ப்பதும் கருவி செய்யும் கல்வியில் ஒரு பாதி.

வடிவமைப்புப் பாட ஆசிரியர்களிடம் என் கோரிக்கை சிறியது. பணிமனைகளில் கழித்துப் போடப்பட்ட சிலிண்டர் ஹெட் பழைய இரும்பு விலைக்குக் கிடைக்கும். ஒன்றைத் துடைத்து வகுப்பு மேசையில் வையுங்கள். கூடவே நான்கு பழைய பிளக்குகள், ஒரு சாக்கெட், ஒரு முழம் ரப்பர் குழாய். மாணவர்கள் முதலில் சாக்கெட்டால் பிளக்கை வேண்டுமென்றே கோணலாக இறக்கிப் பார்க்கட்டும், பிறகு குழாயால். ஒரு ஹெட்டில் நான்கு துளைகள் இருக்கும். நான்கு பேர் ஒரே நேரத்தில் செய்து பார்க்கலாம்.